பஜ்ஜி தின்றவர் இலைக்கு வரவில்லை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் எங்கள் தொழிலுக்கு வழி சொல்லியிருக்கிறார். கேட்டரிங் வளர வேண்டுமானால் பந்திக்கு முன்னால் இரண்டு ஸ்டார்ட்டர் இலவசமாகக் கொடுங்கள் என்கிறார். வாய்க்குள் போன ருசிக்கு ஈடான விளம்பரம் கிடையாதாம். செலவு சொற்பமாம். வெளிநாட்டு ஆய்வுகள் பக்கபலமாக நிற்கின்றனவாம். போதாக்குறைக்குத் திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தையும் இழுத்து வந்து உட்கார வைத்திருக்கிறார். நான்கு பக்கக் கட்டுரையை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ‘இலை’ என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. கல்யாணச் சமையலுக்கு யோசனை சொல்ல வந்தவர் இலையை மறந்தார் என்றால், அவர் மண்டபத்துக்கு முன்வாசல் வழியாக மட்டுமே போய் வந்தவர் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பின்வாசல்காரன். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் 22 வருடமாகக் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிறேன். எங்களுக்குக் காசு எப்படி வருகிறது என்பதை நண்பருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் வாதம் முழுவதும் அதில்தான் வழுக்கி விழுகிறது. பந்தி வாசலில் பெண் வீட்டு ஆள் ஒருவர் நோட்டும் பேனாவுமாக நிற்பார். முதல் பந்தியில் எத்தனை இலை விழுந்தது, இரண்டாவதில் எத்தனை என்று குறித்துக்கொண்டே வருவார். கடைசிப் பந்தி எழுந்ததும் அவர் நோட்டையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்போம். இத்தனை இலைக்குக் குறையாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்ட ஒரு கேரண்டி இருக்கும். அதற்கு மேலே விழுந்த ஒவ்வோர் இலைக்கும் தனிக் காசு. விழாத இலைக்குக் கிடையாது, அதற்கான சாம்பார் அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்தாலும் சரி.

இப்போது அந்த இலவச பஜ்ஜிக்கு வருவோம். நண்பர் நினைக்கிற மாதிரி இதை நான் செய்து பார்க்காமல் பேசவில்லை. ஆறு வருடம் முன்பு ஒரு மாலை ரிசப்ஷன். கேரண்டி 450 இலை. பெண்ணின் அப்பா 600 பேர் வருவார்கள் என்றார், 600 பேருக்கே சமைத்தோம். அப்போது எனக்கும் இந்த ஸ்டார்ட்டர் மோகம் பிடித்திருந்தது. பெரிய மண்டபங்களில் எல்லாரும் கொடுக்கிறார்கள், நாமும் கொடுத்தால் பெயர் கிடைக்கும் என்று ஹாலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கும் படியருகே ஒரு மேஜை போட்டேன். வாழைக்காய் பஜ்ஜி, பேபிகார்ன் மஞ்சூரியன். சின்னக் காகிதத் தட்டு 800 வாங்கி வைத்திருந்தேன்.

மேடையில் மாலை, மொய், போட்டோ. வரிசை அனுமார் வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. வரிசையில் நிற்பவர்களுக்குப் பசி. பக்கத்திலேயே சூடான பஜ்ஜி. ஒரே பையன் ஐந்து முறை வந்ததை நானே எண்ணினேன். அவன் மேல் தப்பில்லை, மேஜை போட்டவன் நான். எட்டே காலுக்கு என் மாஸ்டர் படியேறி வந்து காதோடு சொன்னார்: “அண்ணே, பஜ்ஜிச் சட்டியை இறக்குனாத்தான் பூரி போட முடியும். ரெண்டாவது பந்தி உக்காந்தாச்சு.” இருந்தது இரண்டு எண்ணெய்ச் சட்டி. ஒன்று காசு கொடுத்தவருக்கு, ஒன்று ஓசிக்கு. நான் ஓசிச் சட்டியை இறக்கச் சொல்லத் தயங்கிய அந்தப் பத்து நிமிடத்தில் பூரி தாமதமாகிவிட்டது.

ஒன்பது மணிக்குக் காகிதத் தட்டு ஒன்றுகூட மிச்சமில்லை. இரவு பத்தரைக்கு இலைக்கணக்கு பார்த்தோம். 481.

மீதி 119 பேரும் பஜ்ஜியால்தான் சாப்பிடாமல் போனார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சிலர் வந்தே இருக்க மாட்டார்கள். ஆனால் மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, டிஷ்யூவில் கையைத் துடைத்துக்கொண்டு, “வயிறு திம்முனு இருக்கு, கிளம்புவோம்” என்று வண்டிச் சாவியை எடுத்தவர்களை நான் படியருகே நின்று பார்த்தேன். அவர்கள் ஒவ்வொருவரும் எனக்கு விழ வேண்டிய ஓர் இலை. என் கைக்காசில் அவர்களுடைய பசியை ஆற்றி, என் வருமானத்தை வாசல் வரை நானே வழியனுப்பி வைத்தேன்.

பெண்ணின் அப்பா என்ன சொன்னார் என்பதையும் கேளுங்கள். மாலை முழுக்க வாசலில் கைகூப்பி நின்றவர், ஒரு பஜ்ஜி வாயில் போடவில்லை. கணக்குத் தீர்க்கும்போது அவர் கேட்டது இது: “ஏங்க, எங்க சித்தப்பா பந்தியில பூரி வர இருபது நிமிஷம் ஆச்சாமே?” பஜ்ஜியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்கு அது நடந்ததே தெரியாது.

நண்பரின் கட்டுரை விழுகிற பள்ளம் இதுதான். அவர் காட்டும் முதல் ஆதாரம் 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு. பில்லோடு மிட்டாய் கொடுத்த பரிமாறுபவர்களுக்கு டிப்ஸ் கூடியது என்று அதில் கண்டார்கள். உண்மைதான், நான் மறுக்கவில்லை. அங்கே மிட்டாயைத் தின்றவரும், பர்ஸைத் திறந்தவரும் ஒரே ஆள். தின்ற சூட்டோடு காசு வைத்தார். எங்கள் கல்யாணத்தில் தின்பவர் ஒருவர், காசு கொடுப்பவர் இன்னொருவர், அடுத்த ஆர்டரை முடிவு செய்பவர் பெரும்பாலும் மூன்றாமவர், அதுவும் வீட்டில் ஊறுகாய் ஜாடியைப் பார்த்தே சமையல்காரனை எடைபோடும் ஓர் அத்தையோ பெரியம்மாவோ. மிட்டாய்க் கணக்கை இங்கே கொண்டுவந்து வைப்பது, பக்கத்து வீட்டுக்காரருக்கு மருந்து கொடுத்துவிட்டு நம் காய்ச்சல் இறங்கியதா என்று தெர்மாமீட்டர் வைக்கிற வேலை.

இரண்டாவது ஆதாரம் இன்னும் வேடிக்கை. ‘இலவசம்’ என்ற சொல்லின் சக்திக்குச் சாட்சியாக 2007இல் ஷம்பானியர், மஸார், ஏரியலி மூவரும் செய்த சாக்லேட் சோதனையை எடுத்துப் போட்டிருக்கிறார். முழுவதையும் அவர் படித்தாரா என்று எனக்குச் சந்தேகம். லின்ட் நிறுவனத்தின் உயர்ந்த சாக்லேட் 15 சென்ட், ஹெர்ஷியின் சாதாரண மிட்டாய் 1 சென்ட் என்று வைத்தபோது நூற்றுக்கு 73 பேர் உயர்ந்ததை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு சென்ட் குறைத்து, ஒன்று 14, மற்றொன்று இலவசம் என்று ஆக்கியதும் கூட்டம் அப்படியே திரும்பிவிட்டது. 69 பேர் சாதாரண மிட்டாயை எடுத்தார்கள். அதாவது, இலவசம் என்று ஒன்று பக்கத்தில் வந்ததும் ஜனங்கள் நல்ல சரக்கை விட்டுவிட்டுப் போனார்கள். நண்பர் இதைத் தன் கட்சிக்குச் சாட்சி என்று கூண்டில் ஏற்றியிருக்கிறார். சாட்சி என் பக்கம் பேசுகிறது ஐயா! மூன்று நாள் மளிகை லிஸ்ட் போட்டு, விடியற்காலை இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, தேங்காய் துருவி, பருப்பு வேகவைத்து நாங்கள் விரிக்கிற இலைதான் அந்த 14 சென்ட் சாக்லேட். படியருகே வைத்த பஜ்ஜி அந்த ஓசி மிட்டாய். நீங்கள் எங்களைப் பார்த்து, உங்கள் கடைக்கு எதிரே நீங்களே ஒரு தண்ணீர்ப் பந்தல் வையுங்கள் என்கிறீர்கள்.

சாப்பாட்டுக்கு முன் சும்மா கொறிக்கக் கொடுக்கிற பழக்கத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் சாராயக் கடைகளில் ‘இலவச மதிய உணவு’ என்று வைத்தார்கள். ஒரு கோப்பை வாங்கினால் தட்டில் இருப்பதை அள்ளித் தின்னலாம். 1889இல் சான்பிரான்சிஸ்கோ போன ருட்யார்ட் கிப்ளிங்கூட இதைக் கண்டு அதிசயித்து எழுதியிருக்கிறார். தட்டில் இருந்தவை பெரும்பாலும் உப்புத் தூக்கலான பண்டங்கள், தின்றால் தாகம் எடுக்கும், எடுத்தால் அடுத்த கோப்பை விற்கும். நம்மூர் பாரில் வைக்கிற சுண்டலில் உப்பு ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டால் எந்தச் சப்ளையரும் சிரிப்பார். அங்கே இலவசத்துக்குப் பின்னால் விற்க ஒரு சரக்கு இருக்கிறது. நம் கல்யாண மண்டபத்தில் பஜ்ஜி தின்றவரிடம் நான் என்ன விற்பது? பானகமா?

தவிர, நம் சாப்பாட்டில் தொடக்கப் பண்டம் இல்லாமல் இல்லை. இலையின் ஓரத்தில் உப்பு, துளி இனிப்பு, பச்சடி, கோசுமல்லி, வடை. சோறு விழுவதற்கு முன்னே இதெல்லாம் விழுந்துவிடும். பாதிப் பேர் அப்போதே வடையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஸ்டார்ட்டர் என்ற பெயர்தான் நம்மிடம் இல்லை.

‘செலவு சொற்பம்’ என்கிறாரே, அதை ஒரு கை பார்ப்போம். வெறும் கணக்குக்காகச் சொல்கிறேன். 500 இலை, இலை 300 ரூபாய். பில் 1,50,000. எல்லாம் போக நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்று வையுங்கள், 15,000 ரூபாய். ஆளுக்கு 20 ரூபாய் பஜ்ஜி கொடுத்தால் 10,000 போச்சு. மிச்சம் 5,000. பஜ்ஜியின் புண்ணியத்தால் 50 இலை விழாமல் போனால் இன்னொரு 15,000 போச்சு, ஏனென்றால் சமையல் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அப்போது 10,000 கைநஷ்டம். ‘அதனால் என்ன, அடுத்த ஆர்டர் வருமே’ என்பார் நண்பர். வரும். அதிலும் இலவச பஜ்ஜி உண்டு. இலை ஒன்றும் குறையாமல் விழுந்தால்கூட நிற்பது 5,000தான். முதல் கல்யாணத்தின் நஷ்டத்தை அடைக்க இரண்டு கல்யாணம் சம்பளமில்லாமல் செய்ய வேண்டும். இதற்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்.

அந்த அடுத்த ஆர்டர் எப்படி வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த ரிசப்ஷனுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. “அன்னிக்கு ரிசப்ஷன்ல பஜ்ஜி குடுத்தீங்கள்ல, நாங்க அவங்க சொந்தம்தான். நமக்கும் அது உண்டுல்ல, ஃப்ரீயாத்தானே?” ரசம் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. சரி, நமக்கு வியாபாரம்தானே என்று பேசிக்கொண்டே போனேன். கடைசியில் அவர் வைத்த கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது: “சரிங்க, ஸ்டார்ட்டர் வேணாம்னு வைங்க, இலைக்கு எவ்வளவு குறைப்பீங்க?” நான் சும்மா கொடுத்த பண்டத்துக்கு அவர் ஒரு விலை போட்டு, அந்த விலையை என் பில்லிலிருந்தே கழிக்கச் சொல்கிறார். தப்பு சொல்ல முடியாது. ஒரு முறை இலவசமாகக் கொடுத்தது மறுமுறை உரிமையாகிவிடும், மூன்றாம் முறை கொடுக்காவிட்டால் அது குறை. எங்கள் தொழிலில் இதற்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. கட்டுச்சாதக்கூடை ஒரு காலத்தில் பிரியத்துக்குக் கொடுத்தது. இன்று அது எழுதாத ஒப்பந்தம், பல இடங்களில் எழுதிய ஒப்பந்தமே.

கட்டுரையில் என்னை உண்மையாகவே கோபப்படுத்திய வரி ஒன்று உண்டு. ‘மிச்சமாகும் காய்கறி, மாவு, எண்ணெயைக் கொண்டே இந்த ஸ்டார்ட்டரைச் செய்துவிடலாம், பெரிய செலவு வராது’ என்கிறார். இதை அச்சில் படித்தபோது பக்கத்தில் இருந்த என் மாஸ்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “இவரு வீட்டுக் கல்யாணத்துல செய்வோமாண்ணே?” என்று கேட்டார். மிச்ச எண்ணெய் என்றால் என்ன என்று நண்பருக்குத் தெரியுமா? காலை டிபனுக்கு வடை, மதியம் அப்பளம், சிப்ஸ் எல்லாம் பொரித்து, அடியில் கருகிய துகளோடு தடித்துப் புகைகிற எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெடுதலான சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. அதைப் பார்க்கும் கருவி எங்களில் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது வேறு வெட்கம். கண்ணும் மூக்கும் உள்ளவனுக்குக் கருவி இல்லாமலே தெரியும். இலவசம் என்றதும் முதலில் கெடுவது எண்ணெய்தான். காசு வராத பண்டத்துக்குப் புதுப் பாக்கெட் வெட்ட எவனுக்குக் கை வரும்?

அதோடு, சூடாகப் பரிமாற வேண்டிய பண்டம் 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். படியருகே மேஜையில் இரண்டரை மணி நேரம் கிடக்கிற மஞ்சூரியன் எத்தனை டிகிரியில் இருக்கும்? தின்றவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், ‘அது இலவசம் சார், பில்லில் இல்லை’ என்று தப்பிக்கவும் வழி கிடையாது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தொழில் என்பதற்குச் சொல்கிற விளக்கத்திலேயே, லாபத்துக்காக இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று வருகிறது. கெட்ட உணவால் ஓர் உயிர் போனால் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. மஞ்சூரியனின் அந்தச் செக்கச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவைக்கிறேன். 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி சேர்க்கத் தடை போட்டதே அதனால்தான்.

வரி பற்றி அவர் எழுதியிருப்பது இரண்டே வரி, அதுவும் தப்பு. இந்தச் செலவுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். பெரிய ஹோட்டல்காரர்களை விட்டுவிடுங்கள், எங்களைப் போன்றவர்களுக்கு 2019 அக்டோபர் 1 முதல் வரி 5 சதவீதம், உள்ளீட்டு வரி திரும்பக் கிடையாது. பஜ்ஜி பொரித்த வணிக சிலிண்டருக்குக் கட்டிய 18 சதவீதமும் அந்தப் பஜ்ஜியோடு போய்விட்டது.

இனி திருக்குறள். விருந்தோம்பல் அறத்துப்பாலில் இல்லறவியலில் வருகிற அதிகாரம். இல்லறத்தானைப் பார்த்துச் சொன்னது. கல்யாண வீட்டில் விருந்தோம்புகிறவர் பெண்ணைப் பெற்றவர். வாசலில் கைகூப்பி நிற்கிறாரே, அவர். நான் அவருக்காகக் கூலி வாங்கிக்கொண்டு சமைக்கிறவன். அவர் பெயரில் அவருக்கே தெரியாமல் நான் உபசாரம் செய்வது விருந்தோம்பலில் சேராது. வள்ளுவரைக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் பொருட்பாலில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. வரவு செலவு பற்றி அங்கே நன்றாகவே சொல்லியிருக்கிறார். நண்பர் அந்தப் பக்கம் வரை புரட்டவில்லை போலிருக்கிறது.

அலுவலக ஆர்டர்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அங்கேயும் சாப்பிடுகிறவர் வேறு, ஆர்டர் போடுகிறவர் வேறு, ஆகவே அதே பதில்.

சும்மா எதையும் கொடுக்காதே என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம். நானும் கொடுக்கிறேன். புக்கிங் பேச வருகிறவர்கள் வீட்டுக்கு ஒரு நாள் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு ஒரு கேரியர் அனுப்புகிறேன். சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு கறி, கொஞ்சம் பாயசம். நான்கு பேர் சாப்பிடுகிற அளவு. ஆறிய பிறகு எப்படி இருக்கும் என்று அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் ஹாட்பாக்ஸில் அனுப்புவதில்லை. முடிவு செய்யப்போகிற அந்தப் பெரியம்மா அதைச் சாப்பிட்டுப் பார்ப்பார். “ரசத்துல மிளகு ஒரு துளி தூக்கல்” என்று போனில் சொல்வார். அன்றைக்கே ஆர்டர் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். செலவு இருநூறு முந்நூறு ரூபாய். இதுவும் இலவசம்தான். காசு கொடுக்கிற கைக்கும் முடிவு சொல்கிற வாய்க்கும் நேராகப் போய்ச் சேர்கிற இலவசம்.

இன்னொன்றும் கொடுக்கிறேன், நண்பர் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. பந்தியில் ஒருவருக்கு அவியல் பிடித்துப்போய் நிமிர்ந்து பார்க்கிறார். கேட்கக் கூச்சப்படுகிறார். பரிமாறுகிற பையன் அந்தப் பார்வையைக் கண்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி வைக்கிறான். அந்த ஒரு கரண்டிக்கு நான் பில் போடுவதில்லை. அந்தப் பையன் பந்திக்குப் பந்தி ஓய்ந்துபோகாமல் இருக்க, நாலு பேர் கூடுதலாக வைத்துக் கூலி கொடுக்கிறேன். பஜ்ஜி மேஜைக்குப் பின்னால் இரண்டு பேரை நிறுத்தியிருந்தால் பந்தியில் அந்த இரண்டு பேர் குறைந்திருப்பார்கள். இந்த 22 வருடத்தில் எனக்கு வந்த ஆர்டர்களில், ‘உங்க ஸ்டார்ட்டர் நல்லா இருந்துச்சு’ என்று சொல்லி வந்தது ஒன்றுகூட இல்லை. ‘கேக்காமலே போட்டாங்க’ என்று சொல்லி வந்தவை நிறைய.

பெண் வீட்டார் ஸ்டார்ட்டர் கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள். விலை சொல்லி, பில்லில் எழுதி, புது எண்ணெயில் பொரித்து, தனிச் சட்டி வைத்துச் செய்யுங்கள். மார்கழியில் எங்களுக்கு வேலை இல்லை. நண்பரின் கட்டுரை வந்த சமயமும் அதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்த மாதிரி யோசனைகள் இனிக்கும். தை முதல் முகூர்த்தத்துக்குள் புது விலைப்பட்டியல் அச்சடிக்கக் கொடுப்பீர்கள். அதில் ‘ஸ்டார்ட்டர் இலவசம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தால், பிரஸ்ஸுக்குப் போகும் முன் தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள்.